பீரோச் சாவி

செருப்பை வாசலில் விட்டுவிட்டு
மரியாதையாகத்தான் உள்ளே வந்தார் ஆர்.ஐ.
லத்தேரியிலிருந்து வெயிலில் பைக் ஓட்டிவந்த முகம்.
‘அமரர் சற்குணம் ஆசிரியர் நினைவாக’ என்று
இறக்கையில் எழுதிய மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து
ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தார்.
பிறகு கேட்டார்:
ஞானஸ்நானப் பதிவேடு எங்கே இருக்கிறது?

எங்கள் கோயிலில் பெயரில்லாத பொருள் கிடையாது.
பெஞ்சுக்குப் பெயர், மணிக்குப் பெயர்,
காணிக்கைப் பைக்குக்கூட ஒரு குடும்பத்தின் பெயர்.
எல்லாம் தூரத்திலிருந்து தெரிய எழுதியது.
ஒரே ஒரு நோட்டில் இருக்கிற பெயர்களைத்தான்
பீரோவில் வைத்துப் பூட்டுகிறோம்.

கோமளா ஊராட்சித் தலைவராகிவிட்டாள்.
ஆதிதிராவிடப் பெண்களுக்கு ஒதுக்கிய ஊர்.
நாற்பத்தொரு ஓட்டில் தோற்றவள் மனுப் போட்டிருக்கிறாள்:
இவள் கோமளா அல்ல, பெர்சிஸ்,
பாடகர் குழுவில் இரண்டாம் வரிசை, ஆல்டோ.
(மனுவில் ஆல்டோ இல்லை. அது நான் சேர்த்தது.)

டீக்கடையில் தனிக் குவளை வைத்த காலத்தில்
பெர்சிஸின் அப்பனுக்கு வந்த குவளையும்
கோமளாவின் அப்பனுக்கு வந்த குவளையும்
ஒன்றுதான். அப்போது
பதிவேட்டை யாரும் கேட்டு வரவில்லை.

புதன்கிழமை இரவு கமிட்டி கூடியது.
புதிதாக வந்திருக்கும் எமீமாள் ஐயர் தலைமை.
ஐயரம்மா என்றால் இதுவரை ஐயரின் மனைவி.
இந்த அம்மாவே ஐயர்.
இவர் வீட்டுக்காரரை என்னவென்று கூப்பிடுவது
என்பது மூன்று மாதமாகத் தீராத விவாதம்.
அன்று அதை யாரும் எடுக்கவில்லை.

கரையான் அரித்துவிட்டது என்று சொல்லலாம் என்றார் ஒருவர்.
பேராயத்துக்கு எழுதினால் வக்கீல் வைப்பார்கள்.
அங்கே தேர்தல் நேரம், கடிதத்தை யார் பிரிப்பார்கள்?
பொருளாளர் வாயே திறக்கவில்லை.
மகன் மின்வாரியத்தில்.
சுற்றிப் பார்த்தேன்.
ஒன்பது பேர், பதினேழு பெயர்.
ஐயருக்கு மட்டும் ஒன்று.

எனக்கும் இரண்டுதான்.
முப்பத்துநான்கு வருடம் ரயில்வேயில் கீமேன்,
தளர்ந்த சாவியைத் தட்டித் தட்டி
தண்டவாளத்தோடு நடந்தவன் துரைசாமி.
பென்ஷன் துரைசாமிக்கு வருகிறது.
தசமபாகம் நாத்தான்வேல் கொடுக்கிறான்.
கபடற்றவன் என்று கர்த்தரே
வாய்திறந்து சொன்னவனின் பெயர்,
அப்பா ஆசையாக வைத்தது.

ஐயர் கடைசியில் பேசினார்.
பொய் சொல்லமாட்டேன், நோட்டையும் தரமாட்டேன்.
நடுவில் எங்கே நிற்பதென்று தெரியவில்லை,
ஜெபம் பண்ணுங்கள்.
பண்ணினோம். கரண்ட் போனது. இருட்டிலேயே முடித்தோம்.

அடுத்த ஞாயிறு
பெர்சிஸின் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம்.
தள்ளிவைக்கலாமே என்று சொல்லியனுப்பியிருந்தோம்.
வந்துவிட்டாள்.
இந்தப் பிள்ளைக்குப் பெயரிடுங்கள் என்றார் ஐயர்.
அந்நேரம் பார்த்துப் பிருந்தாவன் கடந்தது.
எங்கள் கோயிலில்
ரயில் போகும்வரை கர்த்தரும் காத்திருப்பார்.
பெட்டிகளை எண்ணினேன், பழக்கம்.
சத்தம் அடங்கியதும்
மைக்கைத் தன் பக்கம் இழுத்து
தெருக்கோடி டீக்கடைக்குக் கேட்கும்படி
பெயரைச் சொன்னாள்.

பிறகு நோட்டு.
‘தாயின் பெயர்’ என்ற கட்டத்தில் என் பேனா நின்றது.
குடுங்க மாமா என்று வாங்கிக்கொண்டாள்.
ஊராட்சித் தீர்மானத்தில் போடுகிற அதே கையெழுத்து.
ஒரு பெயருக்கு மட்டும் வரைந்த கட்டம்.
இரண்டாவது பெயர் கோட்டைத் தாண்டி
அடுத்ததற்குள் போய்விட்டது,
‘தொழில்’ என்று இருந்த இடத்துக்கு.

செவ்வாய்க்கிழமை மறுபடி வருகிறேன்
என்றிருக்கிறார் ஆர்.ஐ.
பிள்ளை உதைத்ததில் என் சட்டையெல்லாம் தண்ணீர்.
பையில் பீரோச் சாவி.
துடைத்து வைக்கவேண்டும்,
துருப்பிடித்துவிடும்.